கட்டிக்கும் இரத்தம் வேண்டும்: புற்றுநோயின் தொடக்க நாள்களில் நிகழ்வது என்ன?

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன், எவராலும் தடுக்க இயலாத வேகத்தில் வளரும் ஒன்றையே பெரும்பாலோர் மனத்தில் எண்ணிக்கொள்கின்றனர். முற்றிய நிலையில் அவ்வெண்ணம் ஓரளவு பொருந்தும். தொடக்க நிலையிலோ புற்றுக்கட்டி மிகவும் வலுவற்றது. போதிய உணவும் ஆக்சிஜனும் கிட்டாமல் அதன் செல்கள் நாள்தோறும் மடிந்துகொண்டிருக்கும். அக்கட்டி பிழைத்து வளருமா, கடுகளவிலேயே நின்றுவிடுமா என்பதைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையான ஒன்று, அதற்கு இரத்தக் குழாய் கிடைக்கிறதா என்பதாகும்.

இதனை நோயாளிகளும் குடும்பத்தாரும் ஏன் அறிந்திருக்க வேண்டும்? எங்கள் புறநோயாளிப் பிரிவில் மூன்று கேள்விகளை நாங்கள் திரும்பத் திரும்ப எதிர்கொள்கிறோம். "சென்ற ஆண்டு ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்களே, அதற்குள் எப்படி இவ்வளவு பெரிதாயிற்று?" என்பது முதலாவது. "சாப்பாட்டைக் குறைத்தால் கட்டியும் பட்டினியால் சுருங்கிவிடும் என்கிறார்களே, செய்யலாமா?" என்பது இரண்டாவது. "இரத்தக் குழாயைத் தடுக்கும் ஊசி என்கிறீர்கள், அது அப்பாவின் இதயக் குழாயையும் அடைத்துவிடாதா?" என்பது மூன்றாவது. கட்டி தனக்கான இரத்தத்தை எவ்வாறு பெறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இம்மூன்றுக்கும் விடை காண்பது எளிது.

ஆக்சிஜன் சென்றடையும் தொலைவு

நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் ஆக்சிஜனும் குளுக்கோசும் வேண்டும். கழிவுகளும் அகற்றப்பட வேண்டும். இவ்விரு வேலைகளும் தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் வழியே நடைபெறுகின்றன. தந்துகியின் மெல்லிய சுவரைக் கடந்து ஆக்சிஜன் சுற்றியுள்ள திசுவுக்குள் பரவுகிறது. அவ்வாறு பரவக்கூடிய தொலைவு மிகக் குறைவு, ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மிலிமீட்டர் வரைதான். தலைமுடி ஒன்றிரண்டின் தடிமன் என்று இதனைக் கொள்ளலாம்.

குழாய் இணைப்பு இல்லாத ஒரு குடியிருப்பை எண்ணிப் பாருங்கள். கிணற்றுக்கு அருகில் உள்ளவர்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து சமாளித்துவிடுவர். வீடுகள் பெருகப் பெருக, கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வந்து சேராது. புற்றுச் செல்களின் நிலையும் இதுவே. ஏற்கெனவே உள்ள தந்துகிக்கு அருகில் இருப்பவை பிழைக்கும்; தொலைவில் உள்ளவை மூச்சுத் திணறி மடியும். 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த தாம்லின்சன், கிரே என்னும் இருவர் நுரையீரல் புற்றுக்கட்டிகளின் துண்டுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து இதனைத் தெளிவாகக் காட்டினர். இரத்தக் குழாய்களை ஒட்டிய பகுதியில் உயிருள்ள செல்கள் இருந்தன. ஆக்சிஜன் எட்டாத தொலைவில் இருந்த செல்கள் இறந்துபோயிருந்தன.

ஆகவே, சொந்த இரத்தக் குழாய்கள் இல்லாத கட்டி பெரும்பாலும் 1 முதல் 2 மிலிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. கடுகு ஒன்றின் பருமன் என்று இதனைக் கருதலாம். அதற்குள் ஏறத்தாழ பத்து இலட்சம் செல்கள் இருக்கக்கூடும். ஆயினும் வழக்கமான ஸ்கேன்களில் அது பெரும்பாலும் தென்படாது, வலியும் தராது.

இங்கு ஒரு சிறு கணக்கு உதவும். ஒரு செல் இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பெருகிச் செல்வதாகக் கொண்டால், பத்து இலட்சத்தை எட்ட 20 முறை இரட்டிப்பாக வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி செல்கள் இருக்கும். அந்நிலையை அடைய மேலும் 10 இரட்டிப்புகளே போதும். எனவே, ஸ்கேனில் முதன்முதலாகக் கட்டி தென்படும்போது அதன் வாழ்க்கையில் பெரும்பகுதி கடந்துபோயிருக்கிறது. உண்மையில் செல்கள் பெருகுவதும் மடிவதும் சேர்ந்தே நிகழ்வதால், கடுகளவை அடைவதற்கே சில கட்டிகளுக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். இரத்தம் கிடைத்த பிறகு வளர்ச்சி விரைவுபடும். சென்ற ஆண்டு ஒன்றும் தெரியாமல் இருந்து இவ்வாண்டு தெரிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். முந்தைய ஸ்கேனில் தெரியாதது, பல வேளைகளில், அன்று எந்தக் கருவியாலும் காண இயலாத அளவில் இருந்ததாகும். "முன்பே கவனிக்கத் தவறிவிட்டோமே" என்று தம்மைத் தாமே நொந்துகொள்ளும் குடும்பத்தார் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஓர் அறுவை மருத்துவரின் ஐயம்

கட்டிக்கும் இரத்தக் குழாய்க்கும் உள்ள இத்தொடர்பைச் சிகிச்சைக்கான வழியாகக் கண்டவர் ஜூடா ஃபோக்மன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர். 1960களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் பணியாற்றினார். ஃபிரெடரிக் பெக்கர் என்பவருடன் சேர்ந்து, உடலிலிருந்து பிரித்தெடுத்த தைராய்டு சுரப்பிகளைச் சத்துத் திரவம் செலுத்தி உயிருடன் வைத்திருந்து, அவற்றில் புற்றுச் செல்களைப் பதித்தார். கட்டிகள் ஒன்றிரண்டு மிலிமீட்டர் வரை வளர்ந்து அப்படியே நின்றுவிட்டன. அவை இறந்துவிட்டனவா என்று அறிய எலிகளுக்குள் மாற்றி வைத்தபோது, அங்குப் பெருங்கட்டிகளாக வளர்ந்தன. செல்கள் உயிருடன்தான் இருந்திருக்கின்றன. ஆனால் பிரித்தெடுத்த சுரப்பியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கவில்லை. எலியின் உடலில் முளைத்தன.

1971ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அவர் தம் கருத்தை வெளியிட்டார். கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அருகிலுள்ள இரத்தக் குழாய்களைத் தன்பால் ஈர்க்கிறது. அப்பொருளைத் தடுத்தால் கட்டியை வளரவிடாமல் செய்யலாம் என்பதே அக்கருத்து. அக்காலத்தில் பலர் இதனை ஏற்கவில்லை. கட்டியைச் சுற்றிக் காணப்படும் சிவப்பு வெறும் அழற்சி என்றே அவர்கள் கருதினர்.

மறு ஆண்டில் அவருடைய குழுவினர் முயலின் கண்ணில் செய்த ஆய்வு இந்த ஐயத்திற்கு ஒரு தெளிவான விடையைத் தந்தது. கண்ணின் முன்னறையில் உள்ள தெளிந்த நீரில் மிதக்கவிடப்பட்ட புற்றுத் துணுக்குகள் ஒரு மிலிமீட்டரைத் தாண்டவில்லை. ஆனால் உயிருடன் இருந்தன. அதே துணுக்குகளை இரத்தக் குழாய்கள் நிறைந்த கருவிழிப் படலத்தின்மீது வைத்தபோது, குழாய்கள் அவற்றுக்குள் புகுந்தன. கட்டிகளும் மிக வேகமாகப் பெருத்தன. ஒரே கண், ஒரே வகைச் செல்கள். இரத்தம் கிடைத்ததா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு.

மூச்சுத்திணறும் செல் அனுப்பும் செய்தி

கட்டி சுரக்கும் அப்பொருள் எது என்பதைக் கண்டறியப் பல ஆண்டுகள் ஆயின. 1983ஆம் ஆண்டில் டொனால்ட் செங்கர், ஹரோல்ட் துவோராக் ஆகியோர் இரத்தக் குழாய்களைக் கசியச் செய்யும் ஒரு புரதத்தைப் புற்றுக்கட்டிகளில் கண்டனர். 1989ஆம் ஆண்டில் நெப்போலியோன் ஃபெராராவும் அவருடன் பணியாற்றியோரும் இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். இரண்டும் ஒரே புரதம் என்பது பின்னர் விளங்கியது. மருத்துவர்கள் இதனை வி.ஈ.ஜி.எஃப். என்று குறிப்பிடுகின்றனர். உங்கள் மருத்துவக் குறிப்புகளிலும் இப்பெயரைக் காணலாம்.

இப்புரதம் புற்றுநோய்க்கென்றே தோன்றியதன்று. கருவில் குழந்தையின் இரத்தக் குழாய்கள் உருவாவதற்கு இதுவே வேண்டும். காயம் ஆறும்போது புதுத் தந்துகிகள் முளைப்பதும், மாதவிடாய்க்குப் பின் கருப்பையின் உட்சுவர் மீண்டும் வளர்வதும் இதன் துணையால்தான். புற்றுக்கட்டி இந்த இயல்பான ஏற்பாட்டைத் தனக்காகப் பயன்படுத்திக்கொள்கிறது.

செல்லுக்கு ஆக்சிஜன் குறைவது எவ்வாறு தெரிகிறது? ஒவ்வொரு செல்லும் ஹிஃப் எனப்படும் ஒரு புரதத்தை இடைவிடாது உற்பத்தி செய்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவில் இருக்கும்போது அப்புரதம் சில நிமிடங்களிலேயே அழிக்கப்படுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பு நின்றுவிடும்; ஹிஃப் சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் சென்று, வி.ஈ.ஜி.எஃப். முதலிய பல புரதங்களுக்கான மரபணுக்களை இயக்கும். வி.ஈ.ஜி.எஃப். வெளியே பரவி அருகிலுள்ள தந்துகியை அடையும். தந்துகியின் சுவர்ச் செல்கள் அதனை ஏற்று, செய்தி வரும் திசையை நோக்கிக் கிளைவிடத் தொடங்கும். ஆக்சிஜன் அளவைச் செல்கள் உணரும் இம்முறையைக் கண்டறிந்தமைக்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிறுநீரகப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் ஒரு வகையில், ஹிஃப் புரதத்தை அழிக்க உதவும் மரபணு பெரும்பாலும் பழுதுபட்டிருக்கும். ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் அச்செல்கள் இரத்தம் வேண்டுமென்ற செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவ்வகைக் கட்டிகளில் இரத்தக் குழாய்கள் நிறைந்திருப்பதும், குழாய் தடுப்பு மருந்துகள் அந்நோயில் சிறப்பாகப் பயன்படுவதும் இதனால்தான்.

உறங்கும் கட்டிகள்

உடல் இச்செய்திக்கு உடனே பணிந்துவிடுவதில்லை. குழாய் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் இருப்பதுபோலவே அதனைத் தடுக்கும் பொருள்களும் நம் திசுக்களில் இயல்பாக உள்ளன. த்ராம்போஸ்பாண்டின், எண்டோஸ்டாடின் ஆகியவை அவற்றுள் சில. வளர்ந்த மனிதரின் இரத்தக் குழாய்ச் செல்கள் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கின்றன. தூண்டும் பொருள்களின் கை ஓங்கும்போதுதான் புதுக் குழாய் பிறக்கிறது. அதுவரை கட்டி அப்படியே கிடக்கும். உள்ளே செல்கள் பெருகும். அதே அளவுக்கு மடியும். வெளியிலிருந்து பார்த்தால் வளர்ச்சி இல்லாதது போலத் தோன்றும். இதனையே கட்டியின் உறக்கநிலை என்கிறோம்.

இத்தகைய உறங்கும் கட்டிகள் நாம் எண்ணுவதைவிடப் பரவலானவை. 1985ஆம் ஆண்டில் ஃபின்லாந்து நாட்டில் வெளியான ஓர் ஆய்வில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டு சுரப்பிகளை மெல்லிய துண்டுகளாக்கி ஆராய்ந்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் மிகச் சிறிய புற்றுக்கட்டிகள் இருந்தன. அவை வாழ்நாளில் அவர்களுக்கு எந்தத் தொல்லையும் தரவில்லை. புற்றுச் செல்கள் தோன்றுவது ஒரு படி. அவை நோயாக மாறுவது மற்றொரு படி. இரண்டாவது படியைப் பல கட்டிகள் ஏறுவதே இல்லை. நோய் எதிர்ப்பு ஆற்றல், சுற்றியுள்ள திசுவின் தன்மை முதலியவற்றுக்கும் இதில் பங்குண்டு. இரத்தம் கிடைக்காமை ஒரு பெருந்தடை.

சிகிச்சை முடிந்தவர்களுக்கு இச்செய்தியில் மற்றொரு பொருளும் உண்டு. முதற்கட்டி அகற்றப்படுவதற்கு முன்னரே அதிலிருந்து பிரிந்த சில செல்கள் வேறோர் உறுப்பில் தங்கி, சிறு கூட்டங்களாக உறங்கிக் கிடக்கலாம். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் சிலருக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் திரும்புவது இத்தகைய உறக்கத்திலிருந்து எழுந்த செல்களால்தான் என்று கருதப்படுகிறது. "எல்லாம் சரியாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை, எதற்குப் பரிசோதனை?" என்று நினைக்கும் காலத்திலும் நாங்கள் உங்களை வரச் சொல்வதன் காரணம் இதுவே. அச்சுறுத்துவது எங்கள் நோக்கமன்று. உறங்கும் செல்களை உறக்கத்திலேயே வைத்திருப்பதற்காகத்தான் ஹார்மோன் மாத்திரைகளை ஐந்தாண்டு, சிலருக்குப் பத்தாண்டு தொடரச் சொல்கிறோம்.

அவசரத்தில் கட்டிய குழாய்கள்

கட்டி வரவழைக்கும் இரத்தக் குழாய்கள் நல்ல குழாய்கள் அல்ல. அவை வளைந்து நெளிந்து, ஒரே அளவாக இல்லாமல், சுவரில் இடைவெளிகளுடன் அமைகின்றன. அவற்றிலிருந்து நீரும் புரதமும் கசிகின்றன. மூளைக் கட்டியைச் சுற்றி வீக்கம் ஏற்படுவதற்கும், சில புற்றுநோய்களில் வயிற்றிலோ நுரையீரலைச் சுற்றியோ நீர் சேர்வதற்கும் இக்கசிவு ஒரு காரணம். சில கட்டிகளிலிருந்து எளிதில் இரத்தம் வருவதற்கும் இக்குழாய்களின் பலவீனம் துணைபோகிறது. ஸ்கேனுக்கு முன் கையில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து கட்டியில் பளிச்சென்று தெரிவதும் பெரும்பாலும் இக்குழாய்களால்தான்.

இரத்தம் ஒழுங்காக ஓடாததால் கீமோதெரபி மருந்தும் கட்டி முழுவதும் சீராகச் சென்று சேர்வதில்லை. ஆக்சிஜன் குறைந்த பகுதிகளில் கதிர்வீச்சின் ஆற்றலும் குறைகிறது. அமெரிக்காவில் பணியாற்றும், இந்தியாவில் பிறந்த அறிஞர் ராகேஷ் ஜெயின் 2001ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். வி.ஈ.ஜி.எஃப். புரதத்தை அளவோடு தடுத்தால், எஞ்சியிருக்கும் குழாய்கள் சிறிது காலத்திற்குச் சீரடைந்து, மற்ற மருந்துகள் உள்ளே செல்ல வழிவிடும் என்பதே அது. குழாய் தடுப்பு மருந்தைப் பெரும்பாலும் கீமோதெரபியுடன் சேர்த்தே தருவதன் காரணத்தை விளங்கிக்கொள்ள இக்கருத்து உதவுகிறது.

எல்லாக் கட்டிகளும் புதுக் குழாய்களை மட்டுமே நம்பி இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல்லீரல், நுரையீரல், மூளை போன்ற குழாய்கள் நிறைந்த உறுப்புகளில், ஏற்கெனவே உள்ள குழாய்களைச் சுற்றிப் படர்ந்தே சில கட்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. வி.ஈ.ஜி.எஃப். தடுக்கப்பட்டால் வேறு தூண்டு பொருள்களைச் சுரப்பவையும் உண்டு. இம்மருந்துகளால் ஏன் புற்றுநோயை முற்றிலும் ஒழிக்க இயலவில்லை என்பதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

மருந்துகள் தந்ததும் தராததும்

1993ஆம் ஆண்டில் ஃபெராராவின் குழுவினர், வி.ஈ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்துவைக்கும் எதிர்ப்புப் புரதம் எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் குறைப்பதைக் காட்டினர். அதிலிருந்து உருவான பெவாசிசுமாப் என்னும் ஊசி மருந்துக்கு 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பரவிய பெருங்குடல் புற்றுநோயில் கீமோதெரபியுடன் இதனைச் சேர்த்தபோது, நோயாளிகள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 15.6 மாதங்களிலிருந்து 20.3 மாதங்களாக உயர்ந்தது. ஏறத்தாழ ஐந்து மாதங்கள். அவரவர் வாழ்வில் அவை மதிப்புமிக்க மாதங்கள். ஆயினும் நோய் அகன்றுவிட்டது என்று கூற முடியாது.

இதன்பின் சோராஃபெனிப், சுனிடினிப், பசோபனிப், லென்வாடினிப் போன்ற மருந்துகள் வந்தன. இவை வாய்வழி உட்கொள்ளப்படுபவை. தந்துகிச் செல்களுக்குள் வி.ஈ.ஜி.எஃப். தரும் செய்தி செல்லாதபடி இவை தடுக்கின்றன. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றின் சில புற்றுநோய்களில் இவை பயன்படுகின்றன. முற்றிய கல்லீரல் புற்றுநோயில், நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் மருந்து ஒன்றுடன் பெவாசிசுமாபைச் சேர்த்துத் தரும் முறை, சோராஃபெனிப் மட்டும் தருவதைவிடச் சிறந்த பயன் தருவது 2020ஆம் ஆண்டில் உறுதியாயிற்று.

தோல்விகளும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்காக 2008ஆம் ஆண்டில் இம்மருந்துக்கு அளிக்கப்பட்ட அனுமதியை, வாழ்நாள் நீளவில்லை என்பதாலும் பக்கவிளைவுகளாலும், அமெரிக்க மருந்து ஆணையம் 2011இல் விலக்கிக்கொண்டது. இன்னொன்று குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்பது: "கட்டியை அறுத்து எடுத்தாயிற்று, மீண்டும் வராமலிருக்க இந்த ஊசியைப் போடக் கூடாதா?" கேள்வி நியாயமானது. மிகச் சிறிய கட்டிக்குக் குழாய் கிடைக்காமல் செய்தால் அது வளராது என்பதே நாம் இதுவரை பார்த்தது. ஆனால், பெருங்குடல் கட்டியை அகற்றிய பிறகு ஓராண்டு இம்மருந்தைக் கொடுத்துச் செய்த பெரிய ஆய்வுகளில் நோய் திரும்புவது குறையவில்லை. ஊசி செலுத்தப்படும் காலம் வரை உறங்கியே கிடக்கும் செல்களுக்கு அத்தடையால் இழப்பேதும் இல்லை. அது விலகிய பின் அவை எழக்கூடும் என்று கருதப்படுகிறது. ஆகவே, அறுவைக்குப் பின் பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்கு நாங்கள் இதனைத் தருவதில்லை. விலை மிகுந்த மருந்தை உங்களுக்கு மறுப்பதாக எண்ண வேண்டாம். பயன் இல்லை என்று ஆய்ந்து அறிந்தபின் எடுக்கப்பட்ட முடிவு அது.

இதயக் குழாய் அடைபடுமா?

மூன்றாவது கேள்விக்கு இப்போது விடை கூறலாம். இம்மருந்துகள் புதுக் குழாய் முளைப்பதைத் தடுக்கின்றன. பல பத்தாண்டுகளாக நிலைபெற்றிருக்கும் இதயத் தமனிகளை அவை மூடிவிடுவதில்லை. ஆயினும் நல்ல குழாய்களும் தம் நலத்திற்குச் சிறிதளவு வி.ஈ.ஜி.எஃப். புரதத்தை நம்பியிருக்கின்றன. அதனால் சில விளைவுகள் தோன்றுகின்றன. குழாய்கள் தளர்ந்து விரிய இப்புரதம் உதவுவதால், அதனைத் தடுக்கும்போது இரத்த அழுத்தம் உயர்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகளும் இதனைச் சார்ந்திருப்பதால் சிறுநீரில் புரதம் வெளியேறலாம். இரத்தக் கசிவு, இரத்தக் கட்டு, காயம் ஆறத் தாமதம் ஆகியவையும் ஏற்படக்கூடும். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கும், முன்பே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும் இரத்தக் கட்டு உண்டாகும் வாய்ப்பு கூடுதல். அப்பாவுக்கு இதய நோய் இருந்தது என்ற செய்தியை எங்களிடம் தவறாமல் சொல்லுங்கள். மருந்து தரலாமா என்பதை அதனையும் எடைபோட்டுத்தான் முடிவு செய்வோம்.

இம்மருந்து பெறுவோர் வீட்டில் கவனிக்க வேண்டியவை:

இரத்த அழுத்தத்தை நாங்கள் கூறும் இடைவெளியில் அளந்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அழுத்தத்திற்கான மாத்திரையை, தலைவலி இல்லை என்பதற்காக நிறுத்திவிடாதீர்கள்; உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை.

பல் பிடுங்குதல், கண் அறுவை, குடலிறக்க அறுவை என எதுவாயினும் முன்கூட்டியே எங்களுக்குத் தெரிவியுங்கள். பெவாசிசுமாப் உடலில் பல வாரங்கள் தங்கும். எனவே, திட்டமிட்ட அறுவைக்கு முன்பும் பின்பும் குறைந்தது 28 நாள்கள் இதனைத் தருவதில்லை. காயம் முழுமையாக ஆறியிருக்கவும் வேண்டும்.

திடீரென வயிற்றில் கடும் வலி, இரத்தம் கலந்த வாந்தி, கறுத்த மலம், இருமலில் இரத்தம், நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் சோர்வு, வாய் கோணுதல், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

வாய்வழி மருந்து உட்கொள்வோருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியலாம். தொடக்கத்திலேயே தெரிவித்தால் அளவைக் குறைத்துச் சரிசெய்ய இயலும். தாமாகவே நிறுத்துவதும், பொறுத்துக்கொண்டு மறைப்பதும் வேண்டாம்.

கருவுறும் வாய்ப்புள்ள பெண்கள் சிகிச்சைக் காலத்திலும், முடிந்தபின் நாங்கள் சொல்லும் காலம் வரையிலும் கருத்தடையைக் கைக்கொள்ள வேண்டும். கருவில் குழந்தையின் குழாய்கள் உருவாவதற்கும் இப்புரதமே வேண்டும் என்பதை மேலே கண்டோம்.

பட்டினி யாருக்கு?

இறுதியாக உணவைப் பற்றி. "கட்டியைப் பட்டினி போடும் சிகிச்சை" என்று செய்தித்தாள்களிலும் கைப்பேசியிலும் வரும் சொற்றொடரைச் சிலர் நேரடியாகப் பொருள்கொண்டு, நோயாளியின் உணவைக் குறைத்துவிடுகின்றனர். பால், முட்டை, பழம், அரிசி என ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு, மூன்று மாதத்தில் பத்துக் கிலோ எடை குறைந்து வருவோரைக் காண்கிறோம். வருந்தத்தக்க செய்தி என்னவெனில், இது மிகுந்த அன்புடன் செய்யப்படுகிறது.

கட்டியின் பட்டினி என்பது குழாய் எட்டாததால் வருவது. தட்டில் சோறு குறைவதால் வருவதன்று. நோயாளி உண்ணாவிட்டாலும் இரத்தத்தில் குளுக்கோசின் அளவு குறைந்துவிடாதபடி உடல் பார்த்துக்கொள்கிறது. அதற்காகக் கல்லீரலின் சேமிப்பையும், பிறகு தசையையும் கரைக்கிறது. குழாய் பெற்றுவிட்ட கட்டி அந்த இரத்தத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மெலிவது நோயாளியின் கைகால்கள்தாம். தசை குறைந்தால் கீமோதெரபியைத் தாங்கும் வலிமை குறையும். தொற்று எளிதில் வரும். சிகிச்சையை ஒத்திப்போட நேரும். அறுவைக் காயம் ஆறப் புரதம் தேவை. காயத்திற்கும் புதுத் தந்துகிகள் வேண்டுமல்லவா?

எனவே, பருப்பு, முட்டை, மீன், தயிர், கொண்டைக்கடலை என வீட்டில் பழகிய, செரிக்கக்கூடிய புரத உணவுகளைச் சிறுகச் சிறுகப் பலமுறை தாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். அது தனிச் செய்தி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை எங்களிடம் கேட்டறிய வேண்டும். இரத்தச் சோகை இருப்பின், "இரத்தம் ஏறினால் கட்டியும் வளரும்" என்ற அச்சத்தால் சிகிச்சையை மறுக்காதீர்கள். ஆக்சிஜன் குறைவே குழாய் தேடும் செய்தியைத் தூண்டுகிறது என்பதை மேலே கண்டோம். கட்டியின் குழாயைத் தடுக்கும் பொறுப்பு மருந்துகளுடையது. நோயாளியின் உடலைத் தாங்கி நிறுத்தும் பொறுப்பு உணவுக்கும், உறக்கத்திற்கும், இயன்ற அளவு நடைக்கும் உரியது.

கட்டி தன் தொடக்க நாள்களில் எவ்வளவு வலுவற்றது என்பதை இக்கட்டுரையில் கண்டோம். அந்நாள்களை எந்தக் குடும்பத்தாலும் கண்ணால் காண இயலாது. ஆகவே, அவற்றைத் தவறவிட்டதாக எவரும் தம்மைக் குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. உரிய வயதில் மார்பகம், கருப்பை வாய், வாய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைச் செய்துகொள்வதும், சிகிச்சை முடிந்தபின் குறித்த நாளில் தவறாமல் வருவதும் நம் கையில் உள்ளவை. இம்மருந்துகளைப் பற்றியோ உணவைப் பற்றியோ ஐயம் எழுந்தால், அடுத்த முறை வரும்போது ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். உடன் அமர்ந்து விளக்க நாங்கள் இருக்கிறோம்.